சந்தனப் புடவையில் ஐந்து சிவப்புப் புள்ளி

உதட்டுச் சாயம் காய்ச்ச இந்திராணி முதலில் பீட்ரூட்டைத்தான் நம்பினாள். துருவிப் பிழிந்த சாற்றை, உருக்கிய தேன்மெழுகிலும் தேங்காயெண்ணெயிலும் ஊற்றிக் கிளறு கிளறென்று கிளறினாள். ஆறியதும் பார்த்தால் சாறு அடியில் தனியாகக் கிடந்தது. மெழுகு பொட்டு நிறம்கூட ஏறாமல் மேலே மிதந்தது. தண்ணீர்ச் சாறு எண்ணெயோடு சேராது என்று கண்டுபிடிக்க அரைக் கிலோ பீட்ரூட்டும், அம்மா அம்சவேணியிடம் வயிறு நிறையத் திட்டும் ஆயிற்று.

அடுத்து வேம்பாளம்பட்டை. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்கு என்று நாட்டு மருந்துக் கடையில் புளுகி வாங்கி வந்தாள். சூடான தேங்காயெண்ணெயில் போட்டதும் எண்ணெய் அரக்குச் சிவப்பாகிவிட்டது. வடிகட்டி மெழுகைச் சேர்த்து, உதடு காயாமலிருக்க ஒரு கரண்டி நெய்யும் பளபளப்புக்கு நாலு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டு, காலித் தைல டப்பாவில் ஊற்றினாள். மறுநாள் பூசிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபோது அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த மரியாதை பட்டு நெய்கிற அப்பா பஞ்சாட்சரத்துக்கு வரவில்லை.

"இது வூடா, டிராமா கொட்டாயா? இன்னொரு தபா ஒன் ஒதட்டுல இந்தச் சாயத்தப் பாத்தேன், டைப்ரைட்டிங் கிளாசுக்கு முழுக்குப் போட்டுடுவேன், ஆமா!"

 இந்திராணி லோயர் பாஸ் செய்து, வேலைக்குப் போக வேண்டிய ஹையர் பரீட்சைக்கு இரண்டே மாதம் இருந்தது. உதடா, வேலையா என்று யோசித்து உதட்டை விட்டுக்கொடுத்தாள். டப்பாவை அடுக்குப்பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மார்கழிக் குளிரில் உதடு வெடித்தும் வைராக்கியமாக இருந்தாள். டப்பா மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. நெய் வாசனைக்கு எலி வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் தறிப் பக்கமிருந்து கூரை அதிரக் கத்தல் கேட்டது.

"இந்திராணீ! இங்க வா! இன்னா வேல பண்ணி வச்சிருக்கே!"

தறியில் சந்தன நிறப் புடவை பாதி நெய்திருந்தது. அதில் சின்னச் சின்னதாக ஐந்து சிவப்புப் புள்ளி. அம்மா ஈரத் துணியால் ஒற்றிப் பார்த்தாள். அசையவில்லை.

"தண்ணிக்குப் போவல. எண்ணெய்ச் சாயம். ஒன்னோட எழவுதான்!" என்றார் அப்பா. "இன்னியோட கிளாஸ் கட்."

இந்திராணி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே குனிந்து பார்த்தவள், அப்படியே அழுகையை நிறுத்திவிட்டாள். ஐந்து புள்ளியும், நீளவாக்கில் ஓடுகிற பாவு இழை அறுந்த இடங்கள். ஒவ்வொன்றிலும் இழை சேர்த்து முறுக்கிய முடிச்சு இருந்தது.

"நைனா, நான் எட்டு நாளா தறிப்பக்கமே வரல. அறுந்த இழைய யாரு சேத்தது?"

"நான்தான். வேற எவன் சேப்பான்?"

"எப்படி சேத்த?"

கேட்டதுதான் தாமதம், பழக்க தோஷத்தில் பஞ்சாட்சரத்தின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாமாக உதட்டுக்குப் போயின. ஈரம் தொட்டு முறுக்குவதற்காக. அங்கேயே நின்றுவிட்டன.

அம்மாவும் மகளும் அந்த உதட்டைப் பார்த்தார்கள். ஊரில் எல்லார் உதடும் வறண்டு தோலுரிந்து கிடக்கிற மார்கழியில், அது மட்டும் அரக்குச் சிவப்பில் மினுமினுவென்று இருந்தது.

"வெத்தலடி," என்றார்.

அம்சவேணி தேங்காயெண்ணெயில் பஞ்சைத் தொட்டு அவர் உதட்டில் ஓர் இழுப்பு இழுத்தாள். பஞ்சு சிவந்தது. உதடு வெளுத்தது.

"இவ்ளோ நாளா வெத்தலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்பா!" என்று தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்திராணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பாவமாகவும் இருந்தது, ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது.

பஞ்சாட்சரம் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, கறைபட்ட இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க ஆரம்பித்தார். மூன்றாவது இழையில் தலை நிமிராமலே கேட்டார்.

"கிளாசுக்கு மணி ஆவலையா?"

இந்திராணி நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசல்படி தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"சாயந்தரம் இன்னொரு டப்பா காய்ச்சி வைம்மா. செவப்பு வேணாம்."

"சரி நைனா."

"பளபளப்பு இருக்கட்டும்."