வலக்கைச் சைகை

கீழ்வானில் எழுந்த கதிரவன் கடலின் கருநீலத்தைப் பொன்னால் மெழுகிக்கொண்டிருக்க, நங்கூரமிட்டுக் கிடந்த கலங்கள் உறக்கம் நீங்கிய களிறுகள்போல் மெல்ல அசைய, உப்புக்காற்றும் துருவின் மணமும் ஒருங்கே வீசிய அத்துறைமுகத்தின் நடுவே, ஒற்றைக்காலில் நின்று கடலை நோக்கும் நாரையென ஓங்கி நின்றது ஒரு பாரந்தூக்கி. அதன் உச்சியில் அமைந்த கண்ணாடிக் கூண்டில் பதினாறு ஆண்டுகளாகத் தனியே அமர்ந்திருந்தார் அதனை இயக்குபவர். மனைவியை இழந்த அவருக்கு வீட்டிலும் பேச்சில்லை, கூண்டிலும் பேச்சில்லை. பொறியின் இரைச்சலைக் கடந்து அவரோடு உரையாடியது, அன்புடைய வாசகரே, கீழே நின்று ஏற்று, இறக்கு என்று கையசைத்துக் காட்டும் சைகைக்காரனின் வலக்கை ஒன்றே. முன்னொருநாள் எவனோ ஈயோட்டிய இடக்கையைக் கட்டளையென்று கொண்டு ஒரு பெட்டியைக் கடலுக்குள் இறக்கிவிட்ட நாணத்தால், துறைமுகக் கையேடு கூறிய வலக்கைச் சைகைக்கன்றி வேறெதற்கும் தம் பொறி அசையாதென்று அவர் உறுதிபூண்டிருந்தார்.

அன்று காலை ஏணியடியில் சைகைக்காரன் அவரை மறித்தான். அவன் வலக்கை முழங்கைவரை கட்டுண்டிருந்தது.

“அண்ணே, இரும்புவடம் கிழிச்சிடுச்சு. இன்னிக்கு மட்டும் இடது கையால காட்டுறேன், கொஞ்சம் பார்த்துக்கோங்க.”

“அதெல்லாம் சரிப்படாதுப்பா. கையேட்டுல வலதுன்னுதான் போட்டிருக்கு. வேற ஆளை நிக்கச் சொல்லு.”

“வேற ஆளு எங்கண்ணே இருக்கு? இடது கையால கூப்பிட்டா எமன்கூட வந்துடுவான், நீங்க வரமாட்டீங்க போல!” என்று நகைத்தவன், “சரி விடுங்க, வலிச்சாலும் வலதையே தூக்குறேன்” என்றான்.

நண்பகல்வரை அவ்வாறே தூக்கினான். அதற்குள் அக்கை வீங்கி, தானாய் எழவும் இயலாதபடி கல்லாய்க் கனத்தது. அவ்வேளையில், இறங்கிக்கொண்டிருந்த மரக்கட்டு சற்றே புரண்டு, சுமையாள் ஒருவனின் பாதத்தின்மேல் அமர்ந்தது. சைகைக்காரன் இடக்கையைச் சுழற்றினான், தலைத்துண்டை அவிழ்த்து வீசினான், குதித்தான், கதறினான். மேலிருந்தவர் அனைத்தையும் கண்டார். அவன் வேண்டுவது இன்னதென்றும் அறிந்தார். அறிந்தும், பிடியின்மேல் வைத்த விரல்கள் கையேட்டுச் சைகைக்குக் காத்துக் கிடந்தன. பத்து மூச்சளவு கழிந்தது. ஈற்றில் அவன், தன் இடக்கையால் வலக்கையைப் பற்றி, பிறர் உடைமையொன்றைத் தூக்குவான்போல் தலைக்குமேல் தூக்கி, ‘ஏற்று’ என்று முறைப்படி மும்முறை சுழற்றினான். மரக்கட்டு எழுந்தது. பாதமோ நொறுங்கியிருந்தது.

திங்கள் ஒன்று சென்றபின், கை ஆறித் திரும்பியவனைக் காண இயக்குபவர் பணிநேரத்திலேயே ஏணியிறங்கி வந்தார்.

“இனிமே நீ எந்தக் கையால காட்டினாலும் சரிப்பா. துண்டை ஆட்டினாலும் போதும், நான் புரிஞ்சுக்குவேன்.”

“அன்னிக்கும் புரிஞ்சுதுதானே?”

“புரிஞ்சுது.”

சைகைக்காரன் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டான். “வேண்டாங்க ஐயா. புத்தகத்துல இருக்கிறபடியே காட்டிடறேன். உங்களுக்கும் அதுதானே வசதி.”

அவர் மீண்டும் ஏறினார். அன்றுதொட்டு அவ்வலக்கை கையேட்டினின்று ஓர் இழையும் பிறழாது எழுந்தது, சுழன்றது, தாழ்ந்தது. அதில் பிழையும் இல்லை, அவர்மேல் பரிவும் இல்லை. எதிரில் நிற்பவன் இயன்றவாறு உரைப்பதை ஏற்று வளையாத செவிக்கு, முறைமாறாச் சொற்கள் மட்டுமே வந்து சேர்கின்றன. அவற்றைப் பிழையறப் பெற்றுக்கொண்டு, அம்மனிதர் அவ்வுயரத்தில் தனித்திருந்தார்.