மகேந்திரராஜா அண்ணையின் துளிமருந்து

ஜெர்மனியின் ஹம் நகரில் இருக்கும் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேருக்கு என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியும். நான் டொக்டர் இல்லை, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஆனால் யாருக்கு டொக்டரைப் பார்க்க டெர்மின், அதாவது நேரம், கிடைத்தாலும், "பிறேமா, ஒருக்கா வந்து கதைச்சு விடு" என்று எனக்குத்தான் அழைப்பு வரும். இருபது வருடமாகப் போய் ஜெர்மனைத் தமிழாக்கியும் தமிழை ஜெர்மனாக்கியும் கதைத்து விடுகிறேன். எனக்கு வாய் நீளம், கோபமும் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. டொக்டர் ஆறு மாதம் என்றால் நானும் ஆறு மாதம் என்றே சொல்லுவேன்.

அப்படிப்பட்டவள்தான் மகேந்திரராஜா அண்ணையின் காரியத்தில் வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அண்ணைக்குக் குடலில் புற்றுநோய் வந்து, மருந்தேற்றி, சுகமாகிவிட்டது. ஆனால் ஏற்றிய மருந்து காலில் இருந்த நரம்புகளைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. "பிள்ளை, நெருப்பிலை நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்பார். போர்வை பட்டாலே துடிப்பார். கம்பித் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று வேலை செய்த மனிதர், இப்போது குளியலறைக்குப் போக மனைவி புஸ்பவதி அக்காவின் தோளைப் பிடிக்கிறார். இரண்டு வகை மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சுகமும் இல்லை.

மாசியில் வலிக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டரிடம் போனோம். அக்காவுக்குக் காய்ச்சல், அவர் வரவில்லை. டொக்டர் நல்ல மனுசி. கணினியைப் பார்த்து யோசித்துவிட்டு ஒரு நீளமான மருந்துப் பெயரைச் சொன்னார். "துளித்துளியாக எடுப்பது. எல்லாருக்கும் கேட்காது, ஆனால் தொடங்கிப் பார்க்கலாம். அவர் என்ன சொல்கிறார்?" என்று ஜெர்மனில் கேட்டார். அண்ணைக்குத் தெரிந்தது தொழிற்சாலை ஜெர்மன், அந்தப் பெயர் அவருக்குப் பிடிபடவில்லை. அது கஞ்சாவிலிருந்து எடுப்பது என்று எனக்குத் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

என் மகன் நிசாந்தைத் தின்றது இந்த 'மருந்து' என்ற சொல்தான். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படித்துக்கொண்டிருந்தவன், நித்திரை வரவில்லை என்று கைபேசியில் ஏதோ படிவத்தை நிரப்பினான். முகமே பார்க்காத ஒரு டொக்டர் எழுதிக் கொடுத்தார். தபாலில் கஞ்சாப் பெட்டி வந்தது. மருந்துக்கடை லேபல், அவனுடைய பெயர், எல்லாம் ஒழுங்கு. தெருவில் வாங்கியிருந்தால் தும்புத்தடியால் அடித்திருப்பேன். மருந்து என்றபடியால் நானே அதை எடுத்துக்கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தேன். எட்டு மாதத்தில் ஹீட்டருக்குள் இருந்து ஆட்கள் கதைக்கிறார்கள் என்றான். பொலிசும் அம்புலன்சும் வந்து என் வீட்டிலிருந்துதான் அவனைக் கொண்டுபோனார்கள். அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்கிறார்கள் டொக்டர்மார். அவர்களுக்கு முடியாவிட்டால் போகட்டும், எனக்கு முடியும்.

இப்போது அவன் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். என் வீட்டுப் படியை மிதிக்கவே மாட்டான். சனிக்கிழமைகளில் மகேந்திரராஜா அண்ணை வீட்டுக்கு மட்டும் வருவான். அண்ணையோடு கரம் போர்டு விளையாடுவான், அக்கா சமைத்ததைச் சாப்பிடுவான். நானும் அங்கே போய்த்தான் என் பிள்ளையைப் பார்க்கிறேன். அந்த வீட்டுக்கு இந்தத் துளிப் போத்தல் வந்தால் ஒன்றில் அவன் கை வைப்பான், இல்லாவிட்டால் அவனை வராதே என்பார்கள். எது நடந்தாலும் எனக்குப் பிள்ளை இல்லை.

"அவருக்கு அது வேண்டாமாம். பழைய மாத்திரையைக் கூட்டிப் பார்க்கலாமா என்று கேட்கிறார்" என்றேன் டொக்டரிடம். அவர் சரி என்று எழுதிக்கொண்டார்.

"மாத்திரையைக் கூட்டித் தாறாவாம், அண்ணை."

"டொக்டர் சொன்னாச் சரி, பிள்ளை" என்றார் அவர்.

ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம் போனது. கூட்டிய மாத்திரை தலைச்சுற்றைத்தான் கொடுத்தது. அண்ணை கரம் போர்டுக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். "நோகுதோ மாமா?" என்று நிசாந் கேட்பான். "இல்லையடா, நீ அடி" என்பார். ஒருநாள் அக்கா குசினியில் வைத்து, "காலை வெட்டி எறியச் சொல்லிக் கேக்குது இந்த மனிசன்" என்று அழுதார். "கடவுள் இருக்கிறார் அக்கா" என்றேன். என்ன கோதாரி வாய் இது என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த டெர்மினுக்கு அக்காவும் வந்தார். "போன முறை துளிமருந்து வேண்டாம் என்றாரே, மனம் மாறிவிட்டதா?" என்று டொக்டர் கேட்டார். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அண்ணை இரண்டு பாதங்களையும் நிலத்தில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல என்னால் ஏலவில்லை.

"அண்ணை, போன முறை இவ துளித்துளியா எடுக்கிற ஒண்டு தரலாமெண்டு சொன்னவ. நீங்கள் வேண்டாமெண்டு சொன்னதா நான்தான் சொன்னனான். உங்களிட்டைக் கேக்கேல்லை. அது கஞ்சாவிலை செய்யிறது."

அக்கா கதிரையை விட்டு எழும்பினார். "ஆறு கிழமை, பிறேமா! இந்த மனிசன் கத்தினதை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தனீ. நீயும் ஒரு மனிசியே?"

அண்ணை அக்காவைக் கையமர்த்தினார்.

"நிசாந்துக்காகவோ?"

"ஓம், அண்ணை."

அவர் தன் காலைப் பார்த்தார். "அப்ப வேண்டாமெண்டே சொல்லு. பெடியன் வாற வீடு."

"உங்களுக்கென்ன விசரோ!" என்றார் அக்கா.

இந்த முறை ஒன்றையும் விடவில்லை. என் பொய், நிசாந், அண்ணை சொன்னது, அக்கா திட்டியது எல்லாவற்றையும் டொக்டரிடம் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு, இனி மொழிபெயர்க்க வேறு ஆளைத் தாங்களே ஒழுங்கு செய்வதாகச் சொன்னார். அதையும் நானேதான் தமிழில் சொன்னேன். பிறகு, "பயம் அதுதான் என்றால் பூட்டுள்ள பெட்டி ஒன்றைச் சுவரில் இறுக்கிப் பொருத்துங்கள், திறப்பு மனைவியிடம் இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். மாசியிலேயே வாயைத் திறந்து கேட்டிருந்தால் மாசியிலேயே சொல்லியிருப்பார்.

பெட்டி என்றதும் அண்ணையும் சம்மதித்துத் துளியை எடுக்கத் தொடங்கினார். "பாதி நோ குறைஞ்சிருக்கு, பாதி கிடக்கு" என்கிறார் அண்ணை. நான் இன்னும் அதை மருந்து என்று வாயால் சொல்வதில்லை. அக்கா என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஆனால் சனிக்கிழமை கதவைத் திறந்து விடுகிறார்.

பெட்டி வந்த முதல் சனிக்கிழமை, தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போன நிசாந் நெடுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரில் இருந்த பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"அம்மா, இது எனக்குப் போட்ட பூட்டோ?"

என்னென்னவோ சொல்லித் தப்பியிருக்கலாம். "ஓம், அப்பன்" என்றேன்.

பெட்டியை ஒரு கையால் பிடித்து ஆட்டினான். அது சுவரோடு சேர்ந்து நிற்காமல் அசைந்தது.

"திருகாணி சரியில்லை. நான் இழுத்தா வந்திடும்" என்றான். "ஸ்க்ரூ ட்ரைவர் எங்கையெண்டு அன்ரியைக் கேளுங்கோ."

கொண்டுவந்து கொடுத்தேன். நான்கு திருகாணியையும் ஒவ்வொன்றாக, மூச்சு வாங்க வாங்க இறுக்கினான். பிறகு தள்ளி நின்று, "இழுத்துப் பாருங்கோ அம்மா" என்றான்.

என் பலம் முழுவதும் கூட்டி இழுத்துப் பார்த்தேன். பெட்டி அசையவில்லை.