மூன்று அழைப்புகளும் ஒரு பத்தும்

நீதி தேவதையின் கண்ணைக் கட்டியிருப்பது, எதிரில் நிற்பவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அவள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. எங்கள் சட்டபீடத்தின் முன்கூடத்திலும் அவள் பளிங்கில் நிற்கிறாள். காது இரண்டும் திறந்துதான் இருக்கின்றன.

ரோமச் சட்டப் பேராசிரியர் டிராகுடினிடம் நான் அப்போது உதவி விரிவுரையாளன். ஜூன் மாத வாய்மொழித் தேர்வன்று காலை ஒன்பது மணிக்குள் அவருக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள். முதலில் நகராட்சித் தலைவர். பிறகு பேராசிரியருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸம்மா. கடைசியாக, பீடத் தலைவரோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் ஒருவர். மூன்று பேரும் சொன்ன பெயர் ஒன்றே: வெல்கோ.

“யாருய்யா இந்த வெல்கோ?”

“எட்டாவது தடவையா வர்றான் சார். மத்ததெல்லாம் முடிச்சாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி. இன்னிக்கும் போச்சுன்னா பேரையே அடிச்சிடுவாங்க.”

“மூணு பேர் சொல்ல வேண்டியிருக்குன்னா பய புத்தகத்தையே தொட்டிருக்க மாட்டான். வரட்டும், நேர்மைன்னா என்னன்னு காட்டுறேன்.”

நகராட்சித் தலைவரைப் பிடித்தவர் வெல்கோவின் அப்பா மிலோயே. நர்ஸம்மாவைப் பிடித்தவள் அத்தை. வேட்டைக்காரர் வேறு யாருமல்ல, அவனுடைய ஞானத்தகப்பன் சிமா. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. வெல்கோவுக்கு எதுவுமே தெரியாது. அவன் மூன்று மாதமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். அந்த வழி குடும்பத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லை.

அவன் அறைக்குள் நுழைந்ததும் தெருவில் டிரம்பெட் முழங்கியது. அப்பா கொண்டாட்டத்துக்கு அமர்த்தியிருந்த வாத்தியக் கோஷ்டி, தேர்வு முடியும்வரை காத்திருக்கவில்லை.

“வாங்க கொலேகா,” என்றார் பேராசிரியர். முதலாண்டுப் பொடியனையும் சக சட்ட நிபுணனாக அழைப்பது எங்கள் மரபு. பெயிலாக்கும்போதும் அப்படித்தான் அழைப்போம்.

வெல்கோ கேள்விச் சீட்டை எடுக்கக் கை நீட்டினான்.

“அது கிடக்கட்டும், நானே கேக்குறேன். உங்க தேனீக் கூட்டம் பறந்து போயிடுச்சு. இப்போ அது யாருது?”

“கண்ணுல படுற வரைக்கும், துரத்திப் பிடிக்க முடியுற வரைக்கும் என்னுது சார். அதுக்கப்புறம் பிடிக்கிறவனுது.”

“மயில்?”

“திரும்பி வர்ற பழக்கம் இருக்கிற வரைக்கும் என்னுதுதான்.”

நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசியில் தன் புத்தகத்தின் அடிக்குறிப்பு ஒன்றிலிருந்து கேட்டார். பையன் பதில் சொன்னான். பேராசிரியர் என் முகத்தைப் பார்த்தார். அந்த அடிக்குறிப்பை எழுதியவன் நான். சரிதான் என்று தலையசைத்தேன்.

வெல்கோவை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“பெயிலாக்குனா பாவம். பாஸாக்குனா மூணு பேரும் நான் பயந்துட்டேன்னு நினைப்பாங்க.”

“ஆறு போடுங்க சார், பாஸுக்கு அது போதும்.”

“சிபாரிசுக்குப் போடுறதே ஆறுதானய்யா!” திடீரென்று முகம் மலர்ந்தது. “பத்துக்குப் பத்து! சிபாரிசுக்கு எவனும் பத்து போட மாட்டான்.”

வெல்கோவின் மதிப்பெண் புத்தகத்தில் பத்து என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதினெட்டு வருடத்தில் அவர் போட்ட முதல் பத்து.

நானும் வெல்கோவோடு தெருவுக்கு இறங்கினேன். பத்தைப் பார்த்ததும் டிரம்பெட் நின்றது. மிலோயே என்னை ஓரமாக இழுத்தார்.

“ஆறுதான் கேட்டேன் தம்பி. பத்து வந்திருக்குன்னா, நம்ம தலைவர் அமைச்சர் வரைக்கும் போயிருக்கார்!”

“தலைவராவது மண்ணாவது, எல்லாம் நர்ஸம்மா ஊசி,” என்றாள் அத்தை. சிமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“அப்பா, நான் படிச்சேன்ப்பா,” என்றான் வெல்கோ.

“சரிடா சரிடா. யாராவது கேட்டா அப்படியே சொல்லு.”

திங்கட்கிழமை எங்கள் அறைக்குப் புகையில் வாட்டிய பன்றித் தொடைகள் மூன்று, மூன்று வீட்டிலிருந்து தனித்தனியாக வந்து சேர்ந்தன. இது ரோமச் சட்டத்துக்கே அவமானம் என்று பேராசிரியர் நடைகூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

இரண்டைத் திருப்பி அனுப்பினார்.