சின்னவளுக்கு இது போதும்

என் கொழுந்தன் பெண்டாட்டி மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். இருக்கிறது, வயிறு நிறைய இருக்கிறது. ஒரே வீடு, ஒரே அடுப்படி, போதாக்குறைக்கு ஒரே பிஸ்கட் கம்பெனி. நான் பேக்கிங், அவள் லோடிங். வீட்டில் அவளைச் சின்னவள் என்போம்.

கம்பெனிகளுக்குள் வருஷா வருஷம் ஓட்டப் பந்தயம் நடக்கும். பெண்களுக்கான தொடர் ஓட்டத்தில் எங்கள் கம்பெனிக்காகக் கடைசியில் கட்டையை வாங்கிக்கொண்டு ஓடுகிறவள் நான். முன்னால் ஓடிய மூன்று பேர் எப்படி ஓடினாலும் ஜனங்கள் பார்ப்பது கடைசி ஆளைத்தான். எல்லைக் கோட்டைத் தொடுவதும் அவள்தான், கைதட்டல் வாங்குவதும் அவள்தான். அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த கையோடு சின்னவள் வந்து நின்றாள். "அக்கா, எனக்கும் ஓடணும்னு ஆசையா இருக்கு. என்ன பயிற்சி பண்ணணும்?"

என்னிடம் இல்லாத பயிற்சியா? போன் முழுக்க வீடியோ. ரப்பர் பட்டை, தரையில் ஏணி மாதிரி விரிக்கிற கயிறு, ஒற்றைக் காலில் நின்று ஆடுகிற பலகை, ஆளுயரத்துக்குக் காற்றடித்த பந்து. ஒரு நாள் இடுப்புக்கு, ஒரு நாள் கணுக்காலுக்கு, ஒரு நாள் பெயரே வாயில் நுழையாத ஏதோ ஒரு தசைக்கு. அத்தனையையும் தூக்கி அவள் கையில் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

"அதெல்லாம் உனக்கு வேண்டாம்மா. தோள்ல பாரத்தை வச்சு உட்கார்ந்து எழுந்திரு. தரையிலேர்ந்து பாரத்தைத் தூக்கு. தண்டால் எடு. வேகமா நாலு ஓட்டம் ஓடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பண்ணு, நடுவுல ரெஸ்ட் எடு. உனக்கு இது போதும்."

அந்த 'உனக்கு'வில் நான் வைத்த இளக்காரம் அவளுக்கு உறைக்கவே இல்லை. "சரிக்கா" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

சொன்னதை அப்படியே செய்தாள், பாவி. கம்பெனியில் காலியான மாவுப் பையில் மணலை நிரப்பிக்கொண்டாள். வாரம் தவறாமல் ஒரு கை மணல் கூடும். மொட்டை மாடியில் நான் பலகை மேல் நின்று தள்ளாடி முடிப்பதற்குள் அவள் எல்லாவற்றையும் முடித்துக் குளித்து டீயும் போட்டுவிடுவாள். "அவ வந்துட்டா, நீ இன்னும் ஆடிக்கிட்டே இருக்க" என்பார் என் வீட்டுக்காரர். எனக்குக் காதில் புகை வரும்.

ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்கிற ஸ்டோர் சார்தான் எங்கள் ஓட்டக் குழுவுக்கும் பொறுப்பு. முன்பெல்லாம் நான் ஓடும்போது வாட்சைப் பார்த்துத் தலையாட்டுவார். இப்போது வாட்சைப் பார்க்கிறார், சின்னவளைப் பார்க்கிறார், மறுபடி வாட்சைப் பார்க்கிறார். கடைசி ஓட்டம் யாருக்கு என்று ஓடவிட்டுப் பார்த்து முடிவு செய்வோம் என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின வாரம் சின்னவள் சோபாவில் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ஓட்டத்தை வச்சுக்கிட்டு ஹாயா படுத்திருக்க?"

"இன்னிக்கு ரெஸ்ட்டுக்கா. நீங்கதானே சொன்னீங்க."

யாரிடம் கதை விடுகிறாள்? என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் திருட்டுத்தனமாக ஏதோ செய்கிறாள் என்று என் மனசு அடித்துச் சொன்னது. விடியற்காலையில் எழுந்து அவள் அறைக் கதவில் காதை வைத்தேன். குறட்டைதான் கேட்டது. அதையும் நடிப்பு என்றே நினைத்தேன், பொறாமை வந்தால் புத்தி எங்கே இருக்கும்? அந்த வாரம் காலையும் மாலையும் பட்டை, ஏணி, பலகை, பந்து எல்லாவற்றையும் போட்டு உருட்டினேன். ஓட்டத்துக்கு முந்தின நாள்கூட விடவில்லை. மாடிப்படி இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது.

குடோனுக்குப் பின்னால் லாரி திரும்புகிற சிமெண்ட் பாதையில் ஓட்டம். பாதி தூரத்தில் என் தொடை இழுத்துப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அவள் முதுகைத்தான் பார்த்தேன்.

"கடைசி ஓட்டம் உங்க ஓரகத்திக்கு. நீங்க மாத்து ஆளா இருங்க" என்றார் ஸ்டோர் சார். அவள் பக்கம் திரும்பி, "யாரும்மா உனக்கு ட்ரெயினிங் குடுத்தது?" என்று கேட்டார்.

"அக்காதான் சார். எல்லாமே அக்கா சொன்னதுதான்." பெருமையில் அவளுக்கு முகமெல்லாம் பல். ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

சார் என்னைப் பார்த்தார். "இவ்வளவு தெளிவா அவங்களுக்குச் சொல்லியிருக்கீங்க. நீங்களும் அதையே பண்ணியிருக்கலாமே?"

வேடிக்கை பார்க்க வந்திருந்த பேக்கிங் பெண்கள் எனக்குக் கை தட்டினார்கள். நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் தொடையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சின்னவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, பந்தயத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. இனிமேலாவது நீங்க பண்றதையெல்லாம் எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பட்டையில் ஆரம்பித்துப் பந்துவரை ஒப்பித்தால் போதும், ஒரே மாசத்தில் இவளும் என்னைப் போல நொண்டுவாள், இடம் தானாக என்னிடம் திரும்பி வரும். அவள் நொண்டுவதை மனதுக்குள் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நன்றாக இல்லை.

"ஒண்ணும் வேண்டாம்டி" என்றேன். சொல்லும்போதே வயிறு எரிந்தது. "அதே நாலுதான். மணலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. கடைசி வாரம் குறைச்சுக்கோ. அவ்வளவுதான்."

அவள் முகம் சுருங்கிப் போனது. மூலையில் கிடந்த என் சாமான்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப அதெல்லாம் எதுக்குக்கா வச்சிருக்கீங்க?"

"சத்தியமா சொல்றேன்டி, அதால ஒரு பிரயோஜனமும் இல்ல."

நான் அவளிடம் கலப்படமில்லாமல் பேசியது அன்றைக்குத்தான். அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"பரவால்லக்கா. உங்களுக்கு எப்ப மனசு வருதோ அப்ப சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.