இன்னும் கொஞ்சம் கதகதப்பு

"சிவப்பு வயரா, வெள்ளை வயரா அங்கிள்?" என்று ஸ்டீரியோ அலமாரிக்குப் பின்னாலிருந்து கத்தினாள் சோபியா. தலையெல்லாம் ஒட்டடை. ஒரு கையில் புதுப் பெட்டியின் வயர், இன்னொரு கையில் போன்.

"கத்தாதீங்க சாமி, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார் அப்பாவின் ஸ்டீரியோ கூட்டாளி மதியழகன், சங்ககிரி லாரி புக்கிங் ஆபீசிலிருந்து. "செவப்புக்குச் செவப்பு, வெள்ளைக்கு வெள்ளை. புதுப் பொட்டியில இருந்து வர்ற வயர ஆம்ப்ளிஃபயர்ல ரெண்டாவது ஓட்டையில குத்துங்க. பொறவு பழைய வயர உருவி..."

ஹாலில் போட்டிருந்த கட்டிலில் அப்பா இருமினார். சோபியா போனைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள். தலையைத் தூக்கிப் பிடித்து, நெஞ்சைத் தடவி, ஸ்பூனில் இரண்டு வாய் தண்ணீர் கொடுத்துத் திரும்புவதற்குப் பத்து நிமிஷம் ஆனது. மதியழகன் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டிருந்தார். புதுப் பெட்டியின் மேல் பல்பு மாதிரியான இரண்டு வால்வுகளும் சின்னதாக ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. வேலை முடிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்பா கஸ்பார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருஷம் அடுத்தவர் பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தனக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தார். ஆறு வருஷத்தில் அஸ்தம்பட்டி வீட்டு ஹால் முழுக்க ஸ்டீரியோ ஆனது. செட்டில் குறை சொல்ல முடியாது. பாடுகிறவள் உதட்டைப் பிரிப்பதுகூடக் கேட்கும். அதுதான் வினை. "எல்லாம் தெளிவா இருக்கு. ஆனா ஐஸ் தண்ணி மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு 'ச' சொல்றப்ப எனக்குப் பல்லு கூசுது. இன்னும் கொஞ்சம் கதகதப்பு வேணும்" என்பார்.

அந்தக் கதகதப்புக்காக அவர் செய்யாதது இல்லை. ஸ்பீக்கரை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். சோபியா கல்யாணத்துக்கு வழவழவென்று டைல்ஸ் போட்ட தரையில் தடிமனான கார்ப்பெட் விரித்தார். மூன்றே நாளில் அம்மா ஜெபமலருக்கு வீசிங் வந்துவிட்டது. அவரே சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் கொடுத்துவிட்டு வந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பாட்டு ஓடும்போது ஹாலுக்குள் யாரும் வரக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தார். வளையல் சத்தம் கூடாது, பேச்சு கூடாது. ஹாலில் ஒரே ஒரு நாற்காலி, அது அவருக்கு. அம்மா சமையலறை வாசற்படியில் நின்றுதான் ஆறு வருஷமும் பாட்டுக் கேட்டாள். கேட்டாள் என்பதைவிட மாட்டிக்கொண்டாள் என்பதுதான் சரி.

கடைசியில் வால்வு பெட்டி ஒன்று வேண்டும் என்றார். நடுவில் அதை வைத்தால் சத்தம் இளகிவிடுமாம். "இருக்கிற பெட்டியைத் துடைக்கவே எனக்கு ஒரு நாள் போயிடுது" என்று ஜெபமலர் இரண்டு வருஷம் தடுத்துவைத்தாள். போன வாரம் டாக்டர் கையை விரித்ததும் சோபியா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே போனில் ஆர்டர் போட்டாள். பெட்டி இன்று காலைதான் வந்து சேர்ந்தது. அவர் இருக்கும்போதே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் ஆசைப்பட்ட மாதிரி அதைக் கேட்டுவிட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் கூடி ஜெபிக்கும் அன்பியக் குழுவின் பெண்கள் ஐந்து பேர் ஜெபமாலையோடு வந்துவிட்டார்கள். கஸ்பாரின் தங்கை ஃபாத்திமா அத்தை அழைத்து வந்திருந்தாள். சோபியாவின் தம்பி ஜோஸ்வாவும் அவன் பெண் பிள்ளைகள் இரண்டும் கூடவே நுழைந்தார்கள். எல்லோரும் கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, சூசையப்பரிடம் நல்ல மரணத்துக்காக மன்றாடினார்கள். வாசற்படியில் நின்ற ஜெபமலரையும் அத்தை கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

ஜெபம் முடிந்ததும் சோபியா தயங்கினாள். "அப்பா, பெட்டி ரெடி. இவங்களக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லட்டா?"

கஸ்பார் கையை லேசாக அசைத்தார். "இருக்கட்டும். உக்காந்து ஜெபிச்சவங்கள எப்படி எழுப்புறது?"

சோபியா அந்தப் பாட்டைப் போட்டாள். வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் தனியாகப் பாடுவது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். 'ச' வந்தது, போனது. அவர் முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது 'ச'வும் போனது. முடியும்வரை பிள்ளைகள்கூட அசையவில்லை.

"இப்பதான்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கி, "இப்பதான் அவ இந்த ரூம்ல நின்னு பாடுறா."

சோபியாவுக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூன்று மணிக்கு மூச்சு நின்றது. கோயில் மணி அடித்தது.

மதியழகன் ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தார். பெரிய உடம்பு, கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு, குளிர்பெட்டி வருகிறது, இடம் வேண்டும் என்று ஜோஸ்வா சொன்னதும் அலமாரிக்குப் பின்னால் அவரே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"சாமி, இங்க வாங்க" என்றார் மெதுவாக.

சோபியா போனாள். அவர் விரலால் காட்டினார். "பழைய வயரு அப்படியே இருக்குதுங்க. ஆம்ப்ளிஃபயர் குமிழும் ஒண்ணுலயே நிக்குது. பொட்டிக்குள்ள பாட்டே போகுல. சும்மா வெளக்கு மட்டும் எரிஞ்சிருக்குது."

சோபியா குனிந்து பார்த்தாள். "ஆனா அப்பா நல்லா இருக்குன்னாரே. நெசமாவே நல்லா இருந்துச்சு அங்கிள். எனக்கே தெரிஞ்சுது."

"எத்தன பேரு இருந்தீங்க?"

"பத்துப் பேருக்கு மேல இருந்தோம்."

மதியழகன் தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "கீழ டைல்ஸு, சுத்தியும் வெறும் செவுரு. சத்தம் முட்டி முட்டித் திரும்பும். ஆளுங்க உக்காந்தா சேலை துணியெல்லாம் அத உறிஞ்சிக்கும், எளகிப் போயிரும். இது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் ரெண்டு பேரும் ஆறு வருசமா ஆளுங்கள வெளிய தொரத்திட்டு மிசினு வாங்கிட்டு இருந்தோமுங்க."

அவர்கள் திரும்பியபோது ஜெபமலர் கட்டிலருகே நின்று அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வால்வுகள் இன்னும் எரிந்தன.

"பாவி நான்" என்றாள். "ரெண்டு வருஷம் முன்னாடியே வாங்கவிட்டிருந்தா மனுஷன் ரெண்டு வருஷம் ஆசையாக் கேட்டிருப்பாரே. கடைசி நாள்லயா கேக்கணும்? துடைக்கிறது கஷ்டம்னு சொல்லித் தடுத்தேனே."

மதியழகன் சோபியாவைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்பதுபோல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவளும் யோசித்தாள். சொன்னால் ஒரு பாரம் இறங்கும், இன்னொன்று ஏறும். எது கனம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் செய்யாத தப்புக்கு அம்மா சாகும்வரை அழுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"அம்மா, அது அந்தப் பெட்டி இல்ல. நான் வயரைத் தப்பாக் குத்திட்டேன். பெட்டி வேலையே செய்யல. நீங்கல்லாம் உள்ள உக்காந்திருந்தீங்கல்ல, அதனாலதான் அப்படிக் கேட்டுச்சு."

ஜெபமலருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மதியழகன் பக்கம் திரும்பினாள். அவர் தலையசைத்தார்.

"அப்ப என்னை உள்ள கூப்பிட்டிருந்தாப் போதுமா?"

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். தாடையைக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தாள். திட்டப்போகிறாள் என்றுகூடச் சோபியாவுக்குத் தோன்றியது. "கூறுகெட்ட மனுஷன்" என்று மட்டும் சொன்னாள், சாப்பாடு ஆறுகிறது என்று கூப்பிடும் குரலில்.

பிறகு, "அந்தப் பாட்டைப் போடு" என்றாள்.

"இப்பவா அண்ணி?" என்றாள் ஃபாத்திமா அத்தை.

சோபியா போட்டாள். ஹாலில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். குரல் சுவரில் பட்டுக் கூராகத் திரும்பியது. ஜெபமலர் தலையைச் சாய்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். பந்தல் நிழலில் பக்கத்து வீட்டுக்காரர்கள், எக்ஸ்சேஞ்ச் நண்பர்கள், கோயில் ஆட்கள் என்று இருபது முப்பது பேர் செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தார்கள்.

"உள்ள வாங்க" என்றாள் ஜெபமலர்.

துக்க வீட்டில் யாரையும் 'வாங்க' என்று சொல்லக் கூடாது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை பதறிப்போய் ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். ஜெபமலர் கையை விடுவித்துக்கொண்டாள்.

"வாங்க. ஏன் வெளியவே நிக்கறீங்க? எல்லாரும் உள்ள வந்து உக்காருங்க. நெருக்கி உக்காருங்க. நீங்களும் வாங்க."

முதலில் ஒரு கிழவர் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். ஜெபமலர் ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டு உட்காரவைத்துக்கொண்டே வந்தாள். நடுநடுவே நின்று, பாட்டுக்குக் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு இன்னும் ஒருவரைக் கூப்பிட வாசலுக்குப் போனாள்.