ஆசிப் பாய் சிபாரிசு செய்த ஃபிளாஷ்

மூன்றாவது தடவையாகப் பட்டனை அழுத்தினாள் ஜஸீலா. கேமரா ‘க்ளிக்’ என்றது. அதன் தலையில் மாட்டியிருந்த புது ஃபிளாஷ் மட்டும் வாயைத் திறக்கவில்லை. படத்தைப் பார்த்தாள். ஒரே இருட்டு. மணப்பெண் சனோபர் இருந்த இடத்தில் ஒரு மூக்குத்தி மட்டும் தெரிந்தது.

“ஏம்மா போட்டோக்காரி, கட்டவா, வேணாமா? கை கடுக்குது” என்றாள் மாப்பிள்ளையின் தாய் சைனப். அவள் விரல்களில் தாலியாகக் கட்டும் கருகமணி தொங்கிக்கொண்டிருந்தது. மருமகள் கழுத்தில் அதை ஒரு தடவைதான் கட்டுவார்கள். போட்டோவுக்காக அவிழ்த்துக் கட்டச் சொன்னால் வீடே சண்டைக்கு வந்துவிடும்.

“ஒரு நிமிஷம் மாமி!”

சிம்மக்கல் பக்கத்துச் சந்து வீடு அது. பெண்கள் இருக்கும் மாடி அறையில் ஜன்னலுக்கு ஜன்னல் கனத்த திரை. பகலிலேயே உள்ளே பொழுது சாய்ந்திருந்தது. ஆண் போட்டோக்காரர் அங்கே நுழைய முடியாது என்பதால்தான் ஜஸீலாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்கு இது முதல் நிக்காஹ். சொதப்பினால் இனி எந்த வீட்டுப் பெண்கள் பக்கமும் அவளைக் கூப்பிடாது.

கையிலிருந்தது யாரோ வைத்திருந்து விற்ற சின்னக் கேமரா. அதன் சொந்தக் குட்டி ஃபிளாஷ் வரும்போதே உடைந்திருந்தது. வெளியே மாட்டுகிற ஃபிளாஷ் ஒன்று, கட்டுப்படியாகிற விலையில் எது வாங்கலாம் என்று பெரியம்மா மகன் முகமது ஆசிப்பிடம் கேட்டாள். அதுதான் வினை.

ஆசிப் கல்யாண போட்டோக்காரன். இன்றைக்குக் கீழே ஆண்கள் பக்கம் அவன்தான். அவன் தொழிலில் பாதி படம் பிடிப்பது. மீதி, படம் காட்டுவது. பத்துப் பாக்கெட் வைத்த சட்டை. கேமராவின் பெயர் மேல் கறுப்பு டேப். கேட்டால், “திருட்டுப் பயம்” என்பான். அதன் உச்சியில் கோபுரம் மாதிரி ஒரு ஃபிளாஷ்.

டீக்கடையில் நாலு பேர் நடுவே காலை ஆட்டிக்கொண்டே சொன்னான். “நான் வச்சிருக்கிறதையே வாங்கு. விலைதான் கம்மி, ஆளு சிங்கம். கண்ணை மூடிட்டு வாங்கு. ஆனா கடைக்குக் கேமராவைத் தூக்கிட்டுப் போகாத. புது ஆளுன்னு தெரிஞ்சா தலையில மொளகா அரைச்சிருவானுக. கையை வீசிட்டுப் போ!”

நேற்று சாயங்காலம் கையை வீசிக்கொண்டு போனாள். கடைக்காரர் ஃபிளாஷின் முதுகிலிருந்த சோதனைப் பட்டனை அமுக்கிக் காட்டினார். பளிச்! வீட்டுக்கு வந்து அதே பட்டனை அமுக்கி அம்மாவிடம் காட்டினாள். பளிச்! கேமராவில் மாட்டி ஒரே ஒரு படம் எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவள், வாங்கிய பிறகும் திறக்கவில்லை.

இப்போது மாடிப்படித் திரையோரம் ஓடிப்போய்க் கீழே குரல் கொடுத்தாள். “ஆசிப் அண்ணே! ஃபிளாஷ் அடிக்க மாட்டேங்குது. உங்களதைக் கொஞ்சம் குடுங்க!”

“பொம்பளப் புள்ளைக கையில போனா அப்படித்தான். ஒனக்கு செட்டிங் தெரியல.”

“சரி, தெரியல. குடுங்கண்ணே.”

“இது எம்புட்டுப் பெரிய கேமராவுக்கு உள்ளது தெரியுமா? ஒன் டப்பாவுல மாட்டுனா ஷார்ட் ஆயிரும்!”

கீழே நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் பேசினான்.

ஜஸீலா திரும்பி வந்து ஃபிளாஷைக் கழற்றினாள். அதன் காலடியைப் பார்த்தாள். நட்டநடுவே ஒரே ஒரு உலோகப் புள்ளி. கேமராவின் தலையைப் பார்த்தாள். ஓரமாகச் சில புள்ளிகள். நடுவில் வெறும் பிளாஸ்டிக். ‘இப்போ அடி’ என்று கேமரா சொல்வது ஒரு வாசலில், இந்த ஃபிளாஷ் காது கொடுப்பது வேறு வாசலில். பிறகு எந்த செட்டிங்கை மாற்றி என்ன?

ஆனால் சோதனைப் பட்டன் இருக்கிறதே!

கேமராவை ஸ்டூலில் வைத்தாள். அதன் கண் இரண்டு விநாடி திறந்தே இருக்கும்படி திருகினாள். ஃபிளாஷை இடது கையில் உயர்த்திப் பிடித்தாள்.

“மாமி, கட்டுங்க. நான் ‘ம்’னு சொன்னதும் ரெண்டு பேரும் ஆடக் கூடாது.”

“போட்டோ புடிக்கப் போறியா, ஊசி போடப் போறியா?” என்றாள் சைனப். அறை முழுக்கச் சிரிப்பு. சனோபரும் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

“ம்!”

கேமரா கண்ணைத் திறந்தது. ஜஸீலா ஃபிளாஷின் சோதனைப் பட்டனை அமுக்கினாள். பளிச்!

படத்தில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக மின்னியது. சைனப் எட்டிப் பார்த்தாள். “மாஷா அல்லாஹ்! எங் கையா இது? அடுத்த மாசம் எங் கொழுந்தன் மக கல்யாணம். நீதாம்மா வரணும்.”

பந்தி முடிந்ததும் முக்காட்டை இறுக்கிக்கொண்டு கீழே வந்தாள் ஜஸீலா. ஆசிப் பல் குத்திக்கொண்டிருந்தான். எதிரே திருமங்கலத்து வீடியோக்காரன் உக்கிரபாண்டி, கையில் புதிதாக வாங்கிய சின்னக் கேமரா.

“மாப்ள, நான் வச்சிருக்கிற ஃபிளாஷையே வாங்கு. கண்ணை மூடிட்டு வாங்கு” என்றான் ஆசிப். “கடைக்குக் கேமராவைத் தூக்கிட்டுப் போகாத…”

அதே பாட்டு மறுபடியும் வந்ததும் ஜஸீலாவுக்குப் பொறி தட்டியது. மேஜையிலிருந்த ஆசிப்பின் கேமராவை எடுத்தாள். அவன் பதறி எழுவதற்குள் அந்தக் கோபுர ஃபிளாஷின் பேட்டரி மூடியைத் திறந்தாள்.

உள்ளே காலி. கம்பிச் சுருளில் துரு ஏறியிருந்தது.

உக்கிரபாண்டி வாயைப் பிளந்தான். “அப்ப இம்புட்டு நாளும் என் வீடியோ லைட்டுலதான் பொழப்பாண்ணே?”

ஆசிப்பின் சிங்கக் குரல் பூனையானது. “வாங்குன அன்னைக்கே அடிக்கல. வெளிய சொன்னா சிரிப்பானுகளே…”

“ஏமாந்தது கேவலமில்லண்ணே” என்றாள் ஜஸீலா. “எல்லாரும்தான் ஏமாறுறோம். நீங்க விழுந்த குழியில தழையைப் போட்டு மூடி, ‘இதான் நல்ல பாதை’ன்னு அடுத்தவங்களையும் அனுப்புறீங்களே, அதுதான் கேவலம். ‘எனக்குத் தெரியல’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.”

பேசிக்கொண்டே கறுப்பு டேப்பை நகத்தால் நெம்பி உரித்தாள்.

அடியில் இருந்தது, அவளுடைய ‘டப்பா’ கேமராவின் அதே பெயர், அதே மாடல் நம்பர்.