குரங்கணிக்கு ஒரு ஆளு

மழை லீவு என்றதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஜோதிக்குத் தலைவலி. லீவு விடுகிறவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று எவரும் சொல்வதில்லை. அவள் புருஷன் திருப்பூர் பனியன் கம்பெனியில் கிடந்தான். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிற ஜீப்போ தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

கோடையில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் தோட்டம் பாதி கருகிப்போனது. மாதக்கணக்கில் வேலை கிடையாது. தப்பிப் பிழைத்த செடிகளில் இப்போதுதான் காய் முற்றியிருக்கிறது. வானமும் இப்போது பார்த்துத்தான் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. காய்ந்தால் ஒரேயடியாகக் காய்வது, பெய்தால் ஒரேயடியாகப் பெய்வது என்று ஆகிவிட்டது. "இன்னைக்கு வராதவுக நாளைக்கும் வர வேணாம்" என்று கங்காணி சொல்லியனுப்பியிருந்தான்.

வழக்கமாக சாவி பக்கத்து வீட்டு சுஃபியாவிடம் இருக்கும். பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்வாள். போன வாரம் அதிலும் மண் விழுந்தது. எல்லாம் இளையவன் ராமர் பயலால் வந்த வினை. ஐந்து வயசுதான், தொண்டை மட்டும் பஸ் ஸ்டாண்டு தொண்டை. ஜீப்புக்காரர்கள் ஆள் பிடிக்கிற கூப்பாட்டை அப்படியே பிடித்துக்கொண்டு, "குரங்கணிக்கு ஒரு ஆளு, ஒரே ஆளு, ஏறு ஏறு" என்று நாள் பூராவும் கத்துவான். சுஃபியாவின் மாமியார் படுத்த படுக்கை. "அவுக கண்ணு அசர விட மாட்டேங்கிறான் ஜோதி" என்று சுஃபியா சொன்னது ஒரு சொல்தான். ஜோதிக்கு அது பொறுக்கவில்லை. மகனை நாலு சாத்து சாத்திவிட்டுப் பேச்சையும் நிறுத்திக்கொண்டாள். நியாயம் தன் பக்கம் இல்லை என்று அவளுக்கே தெரியும். அதனால்தான் ரோஷம் இரட்டிப்பாக வந்தது.

ஆகவே அன்றைக்கு வீட்டை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். திறந்துபோட்டால் ராமர் ஆற்றில் தண்ணீர் வருகிறதை வேடிக்கை பார்க்க ஓடுவான். மூத்தவள் ஒச்சம்மாளிடம் சன்னல் வழியாகச் சொன்னாள். "யாரு வந்து கதவத் தட்டுனாலும் மூச்சு விடக் கூடாது. தனியா இருக்கீகன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. சன்னலச் சாத்திக்க. இவன் கத்துனான்னா வாயப் பொத்து." ஒச்சம்மாள் தலையாட்டினாள். சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை என்று ஜோதி ஊரெல்லாம் பீற்றிக்கொள்வது இந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

மதியத்துக்குள் மலையில் எதிரே நிற்கிற செடி தெரியவில்லை. கங்காணியே பயந்துபோய் எல்லாரையும் காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் ஓட்டினான். அங்கே ஒரு மூலையில் மட்டும் சிக்னல் எட்டிப் பார்க்கும். அந்த மூலைக்குப் போனதும் போன் அடித்தது. தெருமுனை டீக்கடைக்காரர் அமாவாசை.

"எங்கத்தா இருக்க?"

"மலையிலண்ணே."

"ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள ஏறிருச்சு. படகு கொண்டாந்து ஆளுகள மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறாக. ஒன் வீட்டுக்கும் போயிக் கூப்பிட்டுப் பாத்தேன். பூட்டுத் தொங்குச்சு, சத்தமும் இல்ல. பிள்ளைகளக் கையோட கூட்டிட்டுப் போனியே, நல்ல வேலை செஞ்ச."

அவள் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தாள். சுஃபியாவுக்கும் அடித்தாள். ஒன்றும் போகவில்லை.

ஜீப்புக்காரன் மகாராஜனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவனும் மறுபேச்சுப் பேசாமல் வண்டியை எடுத்தான். குரங்கணி தாண்டியதும் மலை சரிந்து ரோட்டில் படுத்திருந்தது. "வேணாம் மதினி, இன்னும் சரியும்" என்று அவன் சொல்லும்போதே அவள் முழங்கால் சேற்றில் ஏறிக்கொண்டிருந்தாள். போன் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது. மறுபக்கம் ஓடினாள், நடந்தாள், மறுபடி ஓடினாள். சாவி இடுப்பில் குத்திக்கொண்டே வந்தது.

பூட்டைப் பார்க்கிறவன் ஆளில்லை என்றுதானே போவான். யாராவது கூப்பிட்டாலும் ஒச்சம்மாள் பதில் சொல்ல மாட்டாள். அம்மா சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. 'இன்னைக்கு ஒரு நாள் என் பேச்சக் கேக்காதடி' என்று அந்தத் தாய் வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே வந்தாள். எதிர்ப்பட்ட பால் வேனில் ஏறினாள். டிரைவர் என்ன கேட்டான், இவள் என்ன சொன்னாள் என்று நினைவில்லை. "வெரசாப் போங்கண்ணே" என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தெருவில் தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்திருந்தது. சுவரில் சேற்றுக் கறை நிலைவாசல் உச்சிக்கு ஒரு சாண் கீழே நின்றது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. துவாரத்தில் சேறு அடைத்துச் சாவி நுழையவில்லை. பிறகுதான் மேலே பார்த்தாள். கூரைத் தகரம் ஒன்றைக் காணோம், அந்த இடத்தில் வானம் தெரிந்தது. வெள்ளம் பிய்த்ததா, ஆள் பிய்த்ததா என்று புரியாமல் மண்டபத்துக்கு ஓடினாள்.

பிள்ளைகள் இரண்டும் சுஃபியாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்தன. ஜோதி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"மாமியாரத் தூக்கிட்டு நாங்கதான் கடைசியாக் கெளம்புனோம்" என்றாள் சுஃபியா. "தண்ணி இரைச்சல்ல, குரங்கணிக்கு ஒரு ஆளுன்னு கேக்குது. படகுல இருந்தவுக சிரிக்கிறாக, இந்த வெள்ளத்துல எவன்டா ஆள் ஏத்துறான்னு. இந்த எழவெடுத்த சத்தம் எனக்குத் தெரியாதா? திருப்புன்னேன். பூட்டு தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்துச்சு. தகரத்தப் பேத்து, பரண் மேல இருந்து தூக்குனாக."

"அக்கா" என்றாள் ஜோதி. சுஃபியா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஒச்சம்மாள் மெல்ல நகர்ந்து வந்து காதோரம் பேசினாள். "ம்மா, அமாவாசை மாமா வந்து கூப்பிட்டாரு. நான் மூச்சே விடல. தம்பி வாயவும் பொத்திட்டேன். பெறகு தண்ணி ஏறவும் கையக் கடிச்சிட்டுக் கத்திப்புட்டான். அவன அடிக்காதம்மா."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சின்னச் சின்னப் பல் தடம் சிவந்து கிடந்தது.

"நான் நீ சொன்ன மாதிரிதான் இருந்தேன்" என்றாள்.

ஜோதி அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "ஆத்தா, நான் சொன்னதுதான் தப்பு. இனிமே இப்படி ஆச்சுன்னா கத்தணும். கத்தக் கூடாதுன்னு நானே சொல்லியிருந்தாலும் கத்தணும். என்ன?"

ஒச்சம்மாள் எப்போதும்போல உடனே தலையாட்டினாள். அதைப் பார்த்ததும்தான் ஜோதிக்கு அழுகை வந்தது.